பழம் வைத்த பஃப் பேஸ்ட்ரி நமத்துப் போகாமல் இருக்க

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். டிபனும் மதியச் சாப்பாடும் சேர்ந்த பிரஞ்ச். அதில் புதுப் பழம் வைத்த பேஸ்ட்ரியை வீட்டிலேயே செய்து வைக்க ஆசை. முன்பு ஒருமுறை முயன்றபோது வெண்ணெய் உருகித் தட்டில் ஒழுகியது. பழம் வைத்த ஒரு மணி நேரத்தில் அடிப்பகுதி நமத்துவிட்டது. கையில் இருப்பது சின்ன ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன். வருபவர்களில் இரண்டு பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள். ஊர் சென்னை, மாதம் ஏப்ரல்.

இந்த இரண்டு சிக்கலும் பெரும்பாலும் அளவுகளால் வருவதில்லை. எல்லா வேலையையும் ஒரே காலையில் செய்வதால் வருபவை. மாவு சேர்ப்பது, மடிப்பது, சுடுவது, கிரீம் காய்ச்சுவது, பழம் நறுக்குவது எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் நடந்தால் வெண்ணெய் இறுக நேரம் இருக்காது, சுட்ட பேஸ்ட்ரி ஆறவும் நேரம் இருக்காது. அதனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பேஸ்ட்ரியைப் பழம் இல்லாமல் வெறுமனே, நன்றாகச் சிவக்கச் சுடுங்கள். முழுக்க ஆறவிடுங்கள். கிரீமும் பழமும் அதன் மேல் ஏறுவது சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்புதான். மற்ற வேலைகளில் பெரும்பகுதி வெள்ளி, சனி இரவுகளிலேயே முடிந்துவிடும்.

எந்த மாவு என்பதைத் தீர்மானித்துவிடுவோம். கடைகளில் டேனிஷ் என்று விற்பது ஈஸ்ட் சேர்த்த அடுக்கு மாவு. 1850இல் டென்மார்க் பேக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த இடத்துக்கு வந்த ஆஸ்திரியர்கள் கொண்டுவந்த பழக்கம் அது என்று சொல்வார்கள். சுவையில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஈஸ்டுக்கு வெதுவெதுப்பு வேண்டும், வெண்ணெய்க்குக் குளிர் வேண்டும். சென்னை வெயிலில் இரண்டையும் ஒரே மாவில் சமாளிப்பது பழகிய கைக்கே கஷ்டம். பிஸ்கட் போன்ற டார்ட் மாவு எளிது, ஆனால் அதற்குத் தனி அச்சுகள் வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது, ஈஸ்ட் இல்லாத, சுலப முறையில் மடிக்கும் பஃப் பேஸ்ட்ரி. அதில் முட்டையும் கிடையாது.

பன்னிரண்டு பேஸ்ட்ரிக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 200 கிராம், ஐஸ் தண்ணீர் 110 முதல் 120 மி.லி., எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கடையில் எளிதாகக் கிடைப்பது உப்புச் சேர்த்த மஞ்சள் பட்டர்தான். அதையே பயன்படுத்தலாம், மாவில் மட்டும் உப்பைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெய் வேண்டாம். அதில் மோரும் தண்ணீரும் எவ்வளவு தங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது, மடிக்கும்போது பிசுபிசுவென்று மாவில் இறங்கிவிடும். நெய்யும் கூடாது. கடை வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரும் மாவிலுள்ள தண்ணீரும் அடுப்பில் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குவதால்தான் பேஸ்ட்ரி உப்புகிறது. நெய்யில் தண்ணீரே இல்லை. அறை வெப்பத்தில் குழைந்தும் விடும்.

நம் ஊர் பேக்கரி பஃப்ஸில் பெரும்பாலும் இருப்பது மார்ஜரினோ வனஸ்பதியோ. உடல் சூட்டைவிட அதிக வெப்பத்தில்தான் அது உருகும் என்பதால் வேலை செய்ய வசதி. ஆனால் அதே காரணத்தால் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி படிந்துகொள்ளும். புதுப் பழத்துக்குக் கீழே அந்தப் படலம் வந்தால் பழத்தின் மணமே தெரியாது. வீட்டில் இவ்வளவு பாடுபடுவது வெண்ணெய்க்காகத்தான், அதில் சமரசம் வேண்டாம்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். 20ஐத் தாண்டும்போதே மடிக்க முடியாத அளவுக்கு இளகிவிடும். ஏப்ரல் மாதச் சமையலறை பகலில் 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அதனால் மடிக்கும் வேலையை வெள்ளிக்கிழமை இரவு வைத்துக்கொள்ளுங்கள். ஏசி இருக்கும் அறையில் ஒரு மேசை கிடைத்தால் அங்கேயே செய்யலாம். இல்லையென்றால் சமையலறைக் கிரானைட் மேடை மேல் ஒரு தட்டு நிறைய ஐஸ் கட்டிகளைப் பத்து நிமிடம் வைத்து எடுத்துத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கல் அந்தக் குளிர்ச்சியைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும்.

வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக உறையவிட்டு, கேரட் துருவும் துருவியில் மைதாவுக்குள்ளேயே துருவுங்கள். மைதாவையும் ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் நல்லது. ஒரு ஃபோர்க்கால் கிளறி, ஒவ்வொரு துருவல் மேலும் மாவு ஒட்டியதும், எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். உதிரியாக, ஆங்காங்கே காய்ந்தாற்போல் இருக்கும். அதுதான் சரியான பதம். மனசு கேட்காமல் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அழுத்தித் தேய்த்தால் உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் கரைந்துவிடும். அப்புறம் கிடைப்பது பிஸ்கட், அடுக்கு இருக்காது. ஒன்றாகக் கூட்டி அழுத்திச் செங்கல் வடிவமாக்கி, பிளாஸ்டிக் உறை சுற்றி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பிறகு 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்து, குறுகிய பக்கத்திலிருந்து மூன்றாக மடியுங்கள். கால் சுற்றுத் திருப்பி மறுபடி தேய்த்து மறுபடி மூன்று மடிப்பு. இப்படி இரண்டு முறை ஆனதும் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ். அடுத்து இரண்டு மடிப்பு, மறுபடி ஓய்வு. கடைசியாக ஒரு மடிப்புப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மூன்று மடிப்பு ஐந்து முறை என்றால் கணக்குப்படி 243 அடுக்கு. துருவிய வெண்ணெய் என்பதால் இவை அவ்வளவு ஒழுங்காக இராது, இருந்தாலும் வீட்டுப் பேஸ்ட்ரிக்குத் தாராளம். பரோட்டா மாஸ்டர் எண்ணெயைத் தடவி வீசிச் சுருட்டிப் பெறுகிற அடுக்கைத்தான் இங்கே குளிர்ந்த வெண்ணெயை வைத்துப் பெறுகிறோம். இடையில் எப்போதாவது வெண்ணெய் மேலே பளபளவென்று தெரிந்து கையில் ஒட்டினால், அதன் மேல் மைதா தூவிவிட்டு உடனே ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டால் இதுவரை செய்த உழைப்பு வீண். முதல் இரண்டு மடிப்பில் மாவு கந்தலாகத்தான் தெரியும். மூன்றாவதில் வழவழப்பு வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

சனிக்கிழமை மாலை மாவை 4 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, ஓரங்களைக் கூரிய கத்தியால் வெட்டி நீக்குங்கள். 9 செ.மீ. சதுரங்களாகப் பன்னிரண்டு வரும். கத்தியை அறுப்பதுபோல் இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒவ்வொரு சதுரத்திலும் ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளிப் பாதி ஆழத்துக்கு மட்டும் ஒரு சதுரக் கோடு கீறுங்கள். உள் சதுரத்தை ஃபோர்க்கால் நிறையக் குத்துங்கள். சுடும்போது ஓரம் எழும்பி நிற்கும், நடுப்பகுதி தாழ்ந்திருக்கும்; கிரீமுக்கு ஒரு தொட்டி தானாகக் கிடைக்கும். வெட்டியவற்றைத் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் உறையவிடுங்கள். உறைந்த பிறகு இடையில் பட்டர் பேப்பர் வைத்து டப்பாவில் போட்டால் மூன்று வாரம்கூட இருக்கும். ஆக, இந்த இரண்டு நாள் வேலையை முந்தைய வாரமே முடித்துவிட்டாலும் கெடுதல் இல்லை.

சுடுவது ஞாயிறு காலை ஏழரை மணிக்கு. சின்ன ஓடிஜியில் கதவைத் திறந்தாலே வெப்பம் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் 210 டிகிரியில் இருபது நிமிடமாவது முன்சூடு செய்யுங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். குமிழில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் வெப்பத்துக்கும் வித்தியாசம் இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் கவலை தீரும். ஒரு முறைக்கு ஆறு மட்டும் வையுங்கள், மற்ற ஆறும் ஃப்ரீசரிலேயே காத்திருக்கட்டும். ஓரங்களின் மேற்பரப்பில் மட்டும் பால் தடவுங்கள், வெட்டிய பக்கவாட்டில் வழியக் கூடாது. அங்கே காய்ந்து ஒட்டிக்கொண்டால் அடுக்குகள் எழும்பாது. உறைந்தது உறைந்தபடி நேராக அடுப்புக்குள் போகலாம். உள்ளே வைத்ததும் 200 டிகிரிக்குக் குறையுங்கள். பதினைந்து நிமிடத்தில் நன்றாக உப்பியிருக்கும். நடுப்பகுதியும் எழுந்திருந்தால் ஸ்பூனின் அடியால் மெதுவாக அமுக்கிவிடுங்கள். 180க்குக் குறைத்து இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுகிறார்கள், உள்ளே நடு அடுக்குகள் இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் பத்து நிமிடத்தில் வெளியே பரவி, மொறுமொறுப்பாக இருந்த ஓரத்தையும் நமக்கச் செய்துவிடும். உங்கள் பேஸ்ட்ரி நமத்ததற்குப் பழச்சாறு பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதியாக இருக்கலாம். ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடியும் நல்ல பழுப்பாக, கையில் காகிதம்போல் லேசாக இருக்க வேண்டும். வெந்ததும் தட்டிலேயே விடாமல் கம்பி வலை மேல் மாற்றுங்கள். தட்டில் விட்டால் அடியில் ஆவி தங்கிவிடும்.

கிரீமைச் சனிக்கிழமை இரவே காய்ச்சிவிடலாம். முட்டை சாப்பிடாதவர்கள் இருப்பதால் எல்லோருக்கும் ஒரே கிரீம், முட்டை இல்லாமல் என்பதே என் யோசனை. விருந்தில் எது யாருக்கு என்று தட்டுகளைப் பிரித்து வைத்துக் காவல் காப்பது வேண்டாத வேலை. கஸ்டர்ட் பவுடர் இதற்கென்றே வந்த பொருள்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக உருவாக்கியது. சோளமாவு (கார்ன்ஃப்ளார்), நிறம், வனிலா வாசனை, அவ்வளவுதான். 300 மி.லி. முழுக்கொழுப்புப் பாலில் சிறிதளவைத் தனியே எடுத்து, 30 கிராம் கஸ்டர்ட் பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பாலை 60 கிராம் சர்க்கரையோடு கொதிக்கவைத்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் இறக்கிவிடாமல், குமிழி வெடிக்க இரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். அப்போதுதான் மாவு வாசம் போகும். 20 கிராம் வெண்ணெய் சேர்த்து இறக்கி, மேலே ஆடை கட்டாமல் இருக்க உறையைக் கிரீமின் மேலேயே படியும்படி ஒட்டி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் விஸ்க்கால் அடித்தால் வழவழவென்று வந்துவிடும். அதோடு கெட்டியான ஃப்ரெஷ் கிரீம் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் கஸ்டர்டின் அந்தப் பவுடர்த்தனம் தெரியாது.

எல்லோரும் முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் கஸ்டர்ட் பவுடருக்குப் பதில் மூன்று மஞ்சள் கரு, 25 கிராம் சோளமாவு. அதற்கும் இதே கொதி அவசியம், இன்னும் அதிகமாகவே அவசியம். மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. முழுக்கக் கொதிக்காவிட்டால் அது பிழைத்துக்கொண்டு, இரவில் கெட்டியாக இருந்த கிரீமைக் காலையில் தண்ணியாக்கிவிடும்.

இனிப்பு குறைவாக வேண்டும் என்றால் கஸ்டர்டை விட்டுவிட்டு, கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வடியவிட்டு, கொஞ்சம் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பாருங்கள். மாம்பழத்துக்குக் கீழே அந்தப் புளிப்பு அருமையாக இருக்கும். காலை நேரத்துச் சாப்பாட்டுக்கு எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

இப்போது பழம். பல நிறப் பழங்களை ஒன்றாகக் குவித்து வைப்பது கடை அலங்காரம். வீட்டில் அந்தப் பருவத்தில் நன்றாக இருக்கும் ஒரு பழம், மிஞ்சிப்போனால் இரண்டு, போதும். ஏப்ரலில் சென்னையில் யோசிக்கவே தேவையில்லை, மாம்பழம். அதிலும் பங்கனபள்ளி. நார் கிடையாது, சதை இறுக்கம், நறுக்கிய வடிவம் அப்படியே நிற்கும், சாறு அதிகம் வடியாது. முழுக்கக் கனிந்து தோல் சுருங்கியதை எடுக்காமல், மணம் வந்து ஆனால் விரலுக்குச் சற்று எதிர்த்து நிற்பதாகப் பாருங்கள். இமாம்பசந்த் சுவையில் உசத்திதான். ஆனால் அதைத் தட்டில் தனியாக வைத்துக் கொண்டாடுங்கள்; பேஸ்ட்ரி மேல் குழைந்து வழியும். கன்னம் இரண்டையும் கொட்டையிலிருந்து வெட்டி எடுத்து, தோல் நீக்கி, 3 மி.மீ. கனத்தில் நீளவாக்கில் நறுக்கி, சுத்தமான பருத்தித் துணி மேல் பரப்பி இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். பழம் எதுவானாலும் இந்த ஒற்றுதல் கட்டாயம். பழத்தின் மேல் முன்கூட்டியே சர்க்கரை தூவவும் கூடாது, தூவிய கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கும் சாற்றையெல்லாம் வெளியே இழுத்துவிடும்.

ஸ்ட்ராபெரிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கழுவும்போது பச்சைக் காம்போடு கழுவி, உலர்ந்த பிறகே காம்பைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். விதையில்லாத திராட்சை, மாதுளை முத்து இரண்டும் நம்பகமானவை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மணம் மிகுந்தது, ஆனால் விதையும் தடித்த தோலும் இருப்பதால் மேலே வைப்பதற்குச் சரிவராது. ஆப்பிள், வாழை நறுக்கியதும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு தடவினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தர்பூசணி, கிர்ணி, ஆரஞ்சுச் சுளை மூன்றும் தண்ணீர்ப் பழங்கள். அவற்றைப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் தனிச் சிக்கல் இருக்கிறது. இவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. பச்சையாகப் பால் கிரீம் மேல் வைத்தால் சிறிது நேரத்தில் கிரீம் நீர்த்து ஒரு கசப்பு ஏறும். இனிப்புகளை இறுகவைக்கச் சேர்க்கும் புரதமான ஜெலட்டினையும் இறுகவிடாது. அன்னாசிதான் வேண்டும் என்றால் மெல்லிய துண்டுகளாக்கி வாணலியில் கொஞ்சம் சர்க்கரையோடு நன்கு சூடேறும்வரை வதக்கி ஆறவையுங்கள். வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடும். கோடையிலேயே பலாவும் வருகிறது. பண்ருட்டிச் சுளையை மெல்லிய நீளத் துண்டுகளாக்கி, பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கஸ்டர்ட் மேல் வைத்துப் பாருங்கள். மாம்பழத்துக்கு அடுத்தபடி நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

நறுக்கிய பழம் காயாமல் பளபளப்பாக இருக்க மேலே ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். இதற்கு அகர் அகர், அதாவது சைனா கிராஸ், நம் வெயிலுக்கு மிகப் பொருத்தம். ஜெலட்டின் 30 டிகிரி அறையிலேயே இளகும். அகர் 40 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். பழ நொதிகளும் அதை ஒன்றும் செய்யாது, அதில் அவை உடைப்பதற்குப் புரதமே இல்லை. கடல்பாசியிலிருந்து எடுப்பது என்பதால் சைவம். ராமநாதபுரம் கடற்கரையில், மன்னார் வளைகுடாப் பக்கம், பெண்கள் கடலில் மூழ்கிக் கையால் பறித்து வரும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் அகர் தயாரிக்கப் போகிறவைதான். அந்த உழைப்பு எவ்வளவு கடினமானது என்று தெரிந்தவர்கள் ஒரு கிராம் அகரைக்கூட வீணாக்க மாட்டார்கள். இங்கே தேவையும் ஒரு கிராம்தான். அரை டீஸ்பூன் அகர் பவுடரை 150 மி.லி. தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போதே பிரஷ்ஷால் பழத்தின் மேல் ஒரே தடவையாகத் தடவுங்கள். நடுவில் இறுகிவிட்டால் மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஆறிய பேஸ்ட்ரியின் உள் தொட்டியில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லியதாகப் பூசி ஐந்து நிமிடம் குளிரவிடுங்கள். பன்னிரண்டுக்கு 60 கிராம் போதும். கொக்கோ வெண்ணெய் ஒரு கொழுப்புச் சுவராக நின்று கிரீமின் ஈரத்தைக் கீழே இறங்கவிடாது. இது வெளியே தெரியவே தெரியாது, ஆனால் அரை மணி நேரம் தாங்க வேண்டியது ஒன்றரை மணி நேரம் தாங்கும். வாங்கும்போது பட்டியலில் கொக்கோ வெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்புச் சேர்த்த மலிவான காம்பவுண்ட் சாக்லேட்டும் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் முன்பு சொன்ன மெழுகுப் படலம் அதிலும் வரும்.

பத்து மணிக்கு அடுக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கிரீம், அதன் மேல் மாம்பழத் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறினாற்போல், மேலே அகர். அடுக்கிய பேஸ்ட்ரியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கே உள்ள ஈரத்தில் ஓரம் சீக்கிரமே நமக்கும். அதேசமயம் பால் கிரீம் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கவும் கூடாது. ஆகவே முதலில் எட்டை மட்டும் அடுக்குங்கள். மீதி நான்கு வெறும் கூடுகளாகவும் கிரீம் ஃப்ரிட்ஜிலும் இருக்கட்டும். இரண்டாவது கேட்பவர்களுக்கு அப்போது அடுக்கிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகாது.

சுட்ட கூடுகள் மிஞ்சினால் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் மறுநாள் வரை வைத்து, 160 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். வெட்டி ஒதுக்கிய ஓரங்களை மட்டும் உருட்டிப் பிசையாதீர்கள், அடுக்கு கெட்டுவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்து, ஏலக்காய் கலந்த சர்க்கரை தூவி முறுக்கிச் சுட்டால் காபிக்குத் தொட்டுக்கொள்ள நல்ல குச்சிகள் கிடைக்கும்.